வேறு சிலர்

ஜனவரி 8, புதன்

தை மாதக் கல்யாணங்கள் நெருங்குவதால் மயிலாப்பூரில் உள்ள அத்தனை பட்டுச் சேலைகளுக்கும் இந்த வாரமே ஃபால்ஸ் அடித்தாக வேண்டும் போலிருக்கிறது. பங்கஜம் அக்கா என் பக்கம் மூட்டையாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். விரல் நுனியெல்லாம் ஊசிப் புள்ளிகள்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் சீட்டு எடுத்தோம். ஒவ்வொரு புது வருஷமும் எடுப்பதுதான். சமாதானம், சுகம், ஆசீர்வாதம் என்று ஏதாவது வாக்குத்தத்த வசனம் வரும், வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்வோம். இந்த வருஷம் பாஸ்டர் ஞானசிகாமணி மாற்றிவிட்டார். வேதத்தில் விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிவைத்தார். யாருக்கு யார் வருகிறாரோ, அவரைப் பற்றி அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து பேச வேண்டும்.

ரூபி அக்காவுக்கு, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் வந்தார். சவுண்ட் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் சைமன் அண்ணனுக்கு எரேமியா. சேற்றுக் குழியில் இறக்கப்பட்டவர். போன மாத மழையில் சைமன் அண்ணன் வண்டியோடு சாக்கடையில் இறங்கியிருந்ததால் எல்லாருக்கும் சிரிப்பு. அம்மா எடுத்த சீட்டில் பெயரே இல்லை. ‘வேறு சிலர்’ என்று மட்டும் இருந்தது.

பாஸ்டர் விளக்கினார். எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் விசுவாச வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் பெயர் சொல்லாமல் ஒரு கூட்டத்தைச் சொல்லியிருக்கிறதாம். அடிபட்டவர்கள், கல்லெறியப்பட்டவர்கள், வாளால் அறுக்கப்பட்டவர்கள், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு குகைகளில் திரிந்தவர்கள். பெயர் தெரியாத அந்த வேறு சிலர்தான் எங்களுக்கு.

“வசந்தாம்மா, நீங்க பேசறீங்களா?”

“கெசியா பேசுவா ஐயா.”

அம்மா இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை. பிப்ரவரி பதினாறு என்று எழுதிக்கொண்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் ‘எப்ப வேணும்’ என்று கேட்பதற்கே எனக்கு வாய் வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அப்பா இறந்த வருஷம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. திறந்தபோது நான் பங்கஜம் அக்கா கடையில் இருந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். ‘எல்லாருக்கும் ஸ்தோத்திரம்’ வரைக்கும் வந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைக்குப் போலீஸ் வந்தது!

ஆராதனை பாதியில் இருக்கும்போது இரண்டு பேர் படியேறி வந்தார்கள். யாரோ நூறுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். “சவுண்டைக் கொறைங்க ஐயா. கம்ப்ளெய்ண்ட் வந்துகீது” என்று சின்ன வயசுப் போலீஸ்காரர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். செருப்பைக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

அவர்கள் போனதும் பாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்தார். “சபையே! அப்போஸ்தலர் காலத்துல வந்த உபத்திரவம் இன்னிக்கு சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்திருக்கு. நாம தகுதியானவங்கன்னு கர்த்தர் நெனச்சிருக்காரு.” எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். ரூபி அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எனக்குப் புல்லரித்தது. மறைக்காமல் எழுதுகிறேன், பெருமையாக இருந்தது. என்னை யாரும் எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. பேதுருவும் பவுலும் அடிபட்ட கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம்!

ஈஸ்டர் வரைக்கும் தினமும் சாயங்காலம் ஜெபம் என்று அறிவித்தார்கள். சைமன் அண்ணன் இன்னொரு பெட்டி கொண்டுவருகிறாராம்.

அம்மா மட்டும் வழியெல்லாம் பின்தங்கியே நடந்துவந்தார். கால் வலி என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

தையல் மிஷின் ஓடும்போது எனக்குப் பேச்சு வருகிறது. இதைக் கண்டுபிடித்து நாலு நாள் ஆகிறது. கடகடவென்று மிதித்துக்கொண்டே மிஷினிடம் சொல்லிப் பழகுகிறேன். யாருக்கும் கேட்காது என்பதுதான் தைரியம். இன்று நல்ல வேகத்தில் இருந்தேன், திடீரென்று நூல் அறுந்து மிஷின் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

“ஏட்டி! யாரை வாளால அறுக்காவ?”

பங்கஜம் அக்கா கத்தரியோடு நிற்கிறார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

“வேதத்துலக்கா...”

“அது சரி, எதுக்கு அறுக்காவ?”

“சாமியை விட மாட்டோம்னு சொன்னதுக்கு.”

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். அவருடைய ஊர் திருநெல்வேலிப் பக்கம். நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். “அப்பம் உரக்கச் சொல்லுட்டி. அறுபட்டவங்க கதைய இப்படி வாய்க்குள்ள முழுங்குனா, அவங்க பட்டதெல்லாம் என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டு, “அந்த ஆரஞ்சு சேலைக்கு நூல் மாத்து, கலரு ஒட்டல” என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று எரிகோ ஜெபம். யோசுவாவின் ஜனங்கள் சுற்றிச் சுற்றி வந்து எரிகோ பட்டணத்து மதிலை விழவைத்தது போல, ஜெப வீட்டுக் கட்டடத்தை ஏழு முறை சுற்ற வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். எதிர்ப்பின் மதில் விழ வேண்டும். கடையில் கேட்டுக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டேன்.

பாட்டும் கஞ்சிராவுமாகக் கிளம்பினோம். ஆனால் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பாதை என்று ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். அதில் அவர்கள் துணிக்கொடி, தண்ணீர் டிரம், ஒரு பழைய சைக்கிள். ஒருவர் பின் ஒருவராக, கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து சுற்றினோம். நாலாவது சுற்றில் அந்த வீட்டு ஜன்னலில் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஏழாவது சுற்றில் எல்லாரும் சேர்ந்து ஆர்ப்பரித்தோம். நான்கூடக் கத்தினேன். நான்!

மதில் விழவில்லை. கொடியிலிருந்து ஒரு துப்பட்டா விழுந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் துப்பட்டா. யாரோ மிதித்தும்விட்டார்கள். கடைசியில் வந்த நான் எடுத்தேன்.

இஃப்ராவுடையது. அது அவள் வீடு என்று எனக்குத் தெரியும். எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. நான் நின்ற பிறகு அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவேன். அப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 25, சனி

வேலை முடிந்து திருமயிலையில் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், பிளாட்பாரப் பெஞ்சில் இஃப்ரா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம்.

“இன்னாடி, பேயப் பாத்தமாரி நிக்கற?”

பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து நீட்டினேன். “கீழ வுழுந்துச்சு. தோச்சுட்டேன்.”

“நீங்க சுத்துனீங்களே, அப்பவா?”

“ம்.”

“எதுக்குடி சுத்துனீங்க? எங்க அம்மி நடுங்கிட்டாங்க. திருடன் பூந்துட்டான், அதான் ஊரே தேடிக்கினு கீதுன்னு லைட்ட ஆஃப் பண்ணிட்டு உக்காந்துனு இருந்தாங்க.”

மதில் விழுவதற்காக என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர்கள் மதில்தானே அது.

அவள் நகர்ந்து இடம் விட்டாள், உட்கார்ந்தேன். மார்ச் மூணாம் தேதி பிளஸ் டூ பரீட்சை ஆரம்பமாம். “வீட்ல முடியலடி. முன்னாடி வெள்ளி, ஞாயிறுதான். இப்ப டெய்லி. இங்க ரயில் சத்தம். அது வரும், போயிடும்.” பிறகு சிரித்தாள். “உங்க பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். பரீட்சைல ஈக்வேஷனுக்குப் பதிலா அல்லேலூயான்னு எழுதிட்டு வரப் போறேன் பாரு.”

நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்: “போலீசுக்கு நாந்தான் போன் பண்ணேன். அம்மிக்குத் தெரியாது. காட்டிக் குடுத்துடுவியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

எங்களை உபத்திரவப்படுத்தினது இஃப்ராவா? என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுத் தந்த இஃப்ராவா?

பிப்ரவரி 2, ஞாயிறு

புகார் கொடுத்தது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று பாஸ்டர் கேட்டார். நான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வாயைக் கர்த்தர் அடைக்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. மைக் சத்தத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அம்மா ஒரு சேலை வாங்கிவந்திருக்கிறார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். “மிஷின் வேணாம், ஃபால்ஸைக் கையால அடி. தையல் வெளிய தெரியக் கூடாது.” யாருக்கு என்று கேட்டால், ஒருத்தங்களுக்கு என்கிறார். கோபாலபுரத்தில் அவர் சமைக்கும் வீட்டுக்காக இருக்கும்.

பாடுபட்டவர்களைப் பற்றி எங்கெங்கே வருகிறதோ அதையெல்லாம் ரயிலில் வாசித்துக்கொண்டு வருகிறேன். இன்று பேதுருவின் நிருபம். அவர் கேட்கிறார், நீங்கள் தப்புச் செய்து அதற்காக அடிபட்டுப் பொறுத்துக்கொண்டால் அதில் என்ன பெருமை? நன்மை செய்து பாடுபட்டுப் பொறுத்தால்தானே? இன்னொரு இடத்தில் சொல்கிறார், உங்களில் யாரும் கொலைகாரனாகவோ திருடனாகவோ அடுத்தவர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபடக் கூடாது.

மூன்று தடவை வாசித்தேன். இறங்கவேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

அப்படியானால் ஜனவரி பன்னிரண்டாம் தேதி நான் பட்ட பெருமை எந்தக் கணக்கில் சேரும்?

பிப்ரவரி 10, திங்கள்

எழுத்து கோணலா வருது, வரட்டும்.

அந்தச் சேலை என் மாமா பொண்ணு தீபிகாவுக்கு. இன்னிக்கு தி.நகர்ல கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வைக்கல. எதுக்குமே வெச்சதில்ல. நான் வயித்துல இருந்தப்ப அம்மா ஞானஸ்நானம் எடுத்தாங்க, அன்னையிலருந்து மாமா வீட்டுக் கதவு சாத்தினது சாத்தினதுதான். அப்பா செத்ததுக்குக்கூட வரல. அது தெரிஞ்சும் அம்மா போயிருக்காங்க. நான் ராத்திரி ராத்திரியா கையால அடிச்ச சேலையைத் தூக்கிக்கினு போயி மண்டப வாசல்ல நின்னிருக்காங்க. வாட்ச்மேன்கிட்டக் குடுத்து அனுப்பி, அவரே திருப்பி எடுத்துக்கினு வந்தாராம். “வேணாம்னு சொல்லச் சொன்னாங்கம்மா.” சொந்த அத்தை. வாசல்ல!

“உள்ள போகலயா?”

“இல்ல. ஜன்னலாண்ட நின்னு பொண்ணப் பாத்தேன். அழகா இருந்தா.”

“மாமா பாத்தாரா?”

“பாத்தான். தலையக் குனிஞ்சுக்கினான். பாவம், அவன் நாலு பேருக்குப் பயந்தவன்.”

பாவமா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மா முகம் கழுவி, சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மாமா பெயரையும் தீபிகா பெயரையும் சொல்லி ஜெபம் பண்ணினார். தினமும் விடியற்காலையில் அவர் முணுமுணுக்கும் பெயர்களில் மாமா பெயர் இருப்பது எனக்குத் தெரியும். ஏன் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

பதினேழு வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அம்மா சபையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொன்னதில்லை.

“ஞாயித்துக்கிழமை நான் இதைச் சொல்லட்டாமா?”

“சொல்லாத.”

“ஏம்மா?”

“சொன்னா, எல்லாரும் சேந்து எங்கண்ணனைத் திட்டி ஜெபம் பண்ணுவாங்க.”

பிப்ரவரி 15, சனி

நாளை. வீட்டில் ஒரு மிஷின் இருந்தால் ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேசிவிட்டேன்.

நடந்தபடி எழுதுகிறேன். சைமன் அண்ணன் மைக்கைக் கையில் கொடுத்தார். “எல்லாருக்கும் ஸ்தோத்திரம்” என்றேன். என் குரல் பெட்டி வழியாக வெளியே போய், இஃப்ரா வீட்டுச் சுவரில் மோதி, என்னிடமே திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய குரல் எனக்கு இல்லை. பயமாக இருந்தது. மைக்கைப் பாயில் வைத்துவிட்டேன்.

“கேக்கலமா!” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “கிட்ட வாங்க” என்று என் வாய் சொன்னது. எல்லாரும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வேறு சிலரைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் விடுதலை பண்ணுகிறோம் என்று சொன்னபோதும் வேண்டாம் என்று நின்றவர்கள். உலகம் அவர்களைத் துரத்தியது, ஆனால் அந்த உலகம்தான் அவர்களுக்குத் தகுதியில்லாமல் இருந்தது என்று எழுதியிருக்கிறது. அதை இரண்டு தடவை சொன்னேன். அவர்களை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

பவுலும் சீலாவும் அடிபட்ட காயத்தோடு ஜெயிலில் பாடினதைச் சொன்னேன். “பக்கத்துக் கைதிங்க காது குடுத்துக் கேட்டுக்கினு இருந்தாங்கன்னு எழுதிகீது. அவங்களுக்கு மைக் இல்ல.” யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாய் தண்ணீர் மாதிரி இருந்தது.

பிறகு, எழுதிப் பழகாததைச் சொன்னேன். “நம்மள யாரும் அடிக்கல. யாரும் சாமியை வுடுன்னு சொல்லல. சத்தத்தைக் கொறைங்கன்னு சொன்னாங்க. பக்கத்து வீட்ல பரீட்சைக்குப் படிக்கற பொண்ணு கீது. அது ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்து படிக்குது. அறுபட்டவங்க பேரை நாம இதுக்கு எடுத்துக்கக் கூடாது. பேதுரு கேக்கறாரு, தப்பு நம்மளுதா இருந்தா அதுல இன்னா பெருமைன்னு. நெஜமாவே அடிபட்டவங்க இந்த ரூம்லயே கீறாங்க. அவங்க சத்தம் போடறதில்ல.”

நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது தெரிந்தது.

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை எடுத்து, “ஸ்தோத்திரம். சின்னப் பிள்ளை, அனுபவம் பத்தாது” என்று சொல்லிப் பாட்டை ஆரம்பித்தார். இரண்டு பெட்டியும் அலறின.

வீடு வரைக்கும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பது போல.

பிப்ரவரி 17, திங்கள்

“பேசினியாட்டி?”

“பேசினேன்க்கா.”

“திட்டுனாவளா?”

“திட்டல. ஆனா கோவம்.”

“அப்பம் காதுல விழுந்துட்டு” என்றார் பங்கஜம் அக்கா.

பிப்ரவரி 21, வெள்ளி

ரூபி அக்கா என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. அந்தப் பெண் யார், உனக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெயரைச் சொல்லவில்லை. ஜெபத்தில் என் பக்கத்தில் பாய் காலியாக இருக்கிறது.

இது உபத்திரவம் இல்லை. பிற்காலத்தில் நானே மறந்துபோய்ப் பெருமையடிக்கக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். இது வெறும் முகம் தூக்கல்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தார்!

சைமன் அண்ணன் மைக்கை நீட்ட, அம்மா கையால் ஒதுக்கினார். “எம்பொண்ணு போன வாரம் சொன்னது சரின்னு எனக்குத் தோணுது. அவ்ளோதான் சாட்சி.” உட்கார்ந்துவிட்டார்.

பதினேழு வருஷத்தில் அவர் சொன்ன முதல் சாட்சி. ஜனவரியில் எனக்குப் புல்லரித்ததே, இது அதைப் போல இல்லை. இது நெஞ்சுக்கு நடுவில், அசையாமல் இருக்கிறது.

பாஸ்டர் அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான். மாமா வீட்டுக்குச் சமாதானம் பேசப் போய், வாசலிலேயே திட்டு வாங்கி வந்தவரும் அவர்தான் என்று இன்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 28, வெள்ளி

நான் போனபோது பாஸ்டர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். சந்துப் பக்கம் திருப்பிவைத்த பெட்டி கீழே இருந்தது. மற்றதையும் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பாக்ஸ் சூடாகுது” என்றார் எல்லாருக்கும் பொதுவாக. “ரிப்பேருக்குக் குடுக்கணும்.”

“நல்லாத்தானே ஐயா கீது?” என்றார் சைமன் அண்ணன்.

“சூடாகுதுன்றேன்ல?”

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடினோம். முதலில் எல்லாருக்கும் கூச்சம், சொந்தக் குரல் கேட்கிறதே என்று. ரூபி அக்காவுக்குச் சுதியே இல்லை! என்னைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். பிறகு என் இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, கனமாக, தேய்த்த பித்தளை மாதிரி. யார் என்று திரும்பினேன். அம்மா. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அம்மா இப்படிப் பாடுவார் என்று எனக்குத் தெரியாது.

என் அம்மா. வேறு சிலரில் ஒருவர்.

மார்ச் 1, சனி

ரயில் சிந்தாதிரிப்பேட்டையில் நின்றது. பெஞ்சில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். இஃப்ரா இல்லை.

சந்து வழியாக வந்தேன். அவள் ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொடியில் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. அது விழுந்துவிடாமல், நன்றாகக் குனிந்து அந்தப் பக்கம் போனேன்.